டில்லி பார்க்க வந்தவர்கள்

கார்ல்ஸ்ரூஹே,
1974 பிப்ரவரி 16, சனிக்கிழமை

சௌபாக்கியவதி வத்சலாவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இந்தக் கடிதம் வந்து சேரும்போது மான்ட்ரியலில் பனி எந்த உயரத்துக்குக் கிடந்தாலும் வீட்டுக்குள் நீயும் மாப்பிள்ளை ரவிச்சந்திரனும் குழந்தை மல்லிகாவும் இருமல் சளி இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். எண்ணெய்த் தட்டுப்பாட்டினால் வீட்டுக்கார அம்மாள் ஹீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறாள், வீட்டுக்குள்ளேயே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், மற்றபடி குறையில்லை. நீ ஜனவரியில் எழுதிய கடிதம் நாங்கள் டில்லியிலிருந்து திரும்பியபோது தபால் பெட்டியில் காத்திருந்தது. அதில் நீ கேட்டிருப்பது ஒரே கேள்வி. ஜூலையில் குழந்தையை எடுத்துக்கொண்டு எங்கே வருவது, கார்ல்ஸ்ரூஹேவுக்கா டில்லிக்கா, இப்போதே டிக்கெட் எடுத்தால்தான் மலிவாகக் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். நியாயமான கேள்வி. மார்ச் கடைசியோடு இங்கே எனக்கு வேலை முடிகிறது, அப்புறம் பென்ஷன்தான். பத்திரிகையில் என்னோடு இருந்த பார்த்தசாரதி கரோல் பாக்கில் தன் வீட்டு மாடியை நமக்கென்று காலியாக வைத்திருக்கிறான். இங்கே வீட்டுக்கார அம்மாள் ஃபிராவ் கெய்கருக்கு, இருக்கிறோமா காலி செய்கிறோமா என்று இந்த மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். திரும்பி வந்து இத்தனை நாளாகியும் உனக்கு எழுதாமலிருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பதில் எங்களிடமே இல்லை. இன்று காலைதான் கிடைத்தது. முக்கியமான செய்தியை முதல் வரியில் சொல்லிவிட வேண்டும் என்பது நான் பழகிய தொழிலின் விதி. ஆனால் இதை அப்படிச் சொன்னால் மீதியைப் படிக்காமல் நீ உன் அம்மாவுக்கு டெலிபோன் போட்டுச் சண்டைக்குப் போவாய், அந்தச் செலவு வேண்டாம். ஆகையால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இந்தியாவுக்குத் திரும்பினால் டில்லிக்குத்தான், சென்னையும் வேண்டாம் ஸ்ரீரங்கமும் வேண்டாம் என்று உன் அம்மா இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சொல்லி வருவது உனக்குத் தெரியும். இங்கே தக்காளி வாங்கினால் டில்லித் தக்காளி, குளிர் அடித்தால் டில்லிக் குளிர், யாராவது கதவைச் சாத்தினால் டில்லியில் எவள் கதவைச் சாத்தினாள் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஊர்தான் அவளுக்கு அளவுகோல். சரி, மூட்டை கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று நான்தான் சொன்னேன். உறவுக்காரர் வீட்டுக்கு வேண்டாம், பார்த்தசாரதி வீட்டுக்கும் வேண்டாம், வெள்ளைக்காரர்கள் போவது மாதிரி ஓட்டலில் தங்கி, காமிராவும் கையுமாக ஊர் பார்ப்பது என்று முடிவு. அவள் முதலில் சிரித்தாள், காசு கொடுத்து நம் ஊரையே பார்க்கிறதா என்று. பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு, நாம் எப்போது அந்த ஊரைப் பார்த்தோம், சரி வாங்கோ என்றாள். அவள் சொன்னது உண்மை. அது ஏன் உண்மை என்பது உனக்குப் பாதிதான் தெரியும், நீ அப்போது சின்னவள், ஆகையால் அதையும் எழுதிவிடுகிறேன்.

லோதி காலனியில் நாம் இருந்த வீடு நம்முடையது இல்லை. சர்க்கார் தன் குமாஸ்தா சுவாமிநாதனுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் அது. நான் பத்திரிகைக்காரன், எனக்குச் சர்க்கார் வீடு கிடையாது, வெளியில் வாடகை கொடுக்கச் சம்பளம் போதாது. சுவாமிநாதன் தன் இரண்டு அறையில் ஒன்றை நமக்கு விட்டிருந்தார். அது சட்டப்படி தப்பு, கண்டுபிடித்தால் அவர் வீட்டையே பிடுங்கிக்கொள்வார்கள். ஆனால் அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு அறை உண்டு, எல்லா அறையிலும் நம் மாதிரி ஒரு குடும்பம் உண்டு. வருஷத்தில் மூன்று நான்கு முறை சோதனைக்கு ஆள் வருவார். கோடி வீட்டு மாமி அவரைத் தெருமுனையில் பார்த்தவுடனே 'சம்பந்தி வரார், சம்பந்தி வரார்' என்று பின்பக்கச் சுவர் வழியாகக் குரல் கொடுப்பாள், வரிசை முழுக்க அந்தக் குரல் ஓடும். உடனே உன் அம்மா கரியடுப்பை அணைத்துக் குளியலறையில் தள்ளிவிடுவாள், ஏனென்றால் ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு இருந்தால் இரண்டு குடும்பம் என்று அர்த்தம். ஊறுகாய் ஜாடி சுவாமிநாதன் வீட்டு அலமாரிக்குப் போகும். சுவரில் நாம் ஒரு காலண்டர் மாட்டியதில்லை. நம் பெருமாள் படம் டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும், சாயங்காலம் மூடியைத் திறந்து வைத்து விளக்கேற்றுவாள், ஆள் வந்தால் மூடிவிடுவாள். வந்தவர் நீங்கள் யார் என்று கேட்டால் சொல்லவேண்டிய பதில் ஒன்றுதான்: 'தில்லி தேக்னே ஆயே ஹை', டில்லி பார்க்க வந்திருக்கிறோம், அடுத்த வாரம் ஊருக்குப் போய்விடுவோம். உனக்குப் பேச்சு வந்தபோது அம்மா அப்பாவுக்கு அடுத்தபடி சொல்லிக்கொடுத்த வாக்கியம் அதுதான். அதன் பலன், உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியை உன் வீடு எங்கே என்று அன்பாகக் கேட்க, நீ கையைக் கட்டிக்கொண்டு தில்லி தேக்னே ஆயே ஹை என்று சொன்னாய். அந்த அம்மாளுக்கு நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. எனக்கு இங்கே வேலை கிடைத்துக் கிளம்பும் வரைக்கும், பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தோம். ஒரு தடவை சோதனைக்கு வந்த பஞ்சாபிக்காரர் கொஞ்சம் கெட்டிக்காரர். டில்லி பார்க்க வந்தீர்களே, என்ன பார்த்தீர்கள் என்று உன் அம்மாவைக் கேட்டுவிட்டார். இவள் அசரவில்லை. குதுப்மினார் பார்த்தோம், ஏறி இறங்கி முழங்கால் வலி, இன்னும் தைலம் தடவிக்கொண்டிருக்கிறேன் என்றாள். குதுப்மினாரை அவள் பஸ்ஸிலிருந்துகூடப் பார்த்தது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை, மற்ற நாளில் நீ, அடுப்பு, தண்ணீர். இருக்கிற ஊர்தானே, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விட்டதுதான்.

ஜனவரி எட்டாம் தேதி விடியற்காலை பாலம் விமான நிலையத்தில் இறங்கினோம். மூடுபனி, கரியடுப்புப் புகை, அந்த இரண்டும் கலந்த வாசனை அப்படியே இருந்தது. டாக்சியில் உன் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள், டிரைவர் சர்தார்ஜி அம்மாஜிக்கு உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டார். கன்னாட் பிளேஸுக்குப் பக்கத்தில் ஓட்டல். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் ஜெர்மன் விசாவையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன காரியமாக வந்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். உன் அம்மா என்னை முந்திக்கொண்டு 'தில்லி தேக்னே ஆயே ஹை' என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள், பிறகு அவளால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பையன் பயந்து தண்ணீர் கொண்டுவந்தான்.

ஊர் என்னவோ பெருத்துத்தான் போயிருக்கிறது. நாம் முதலில் குடிபோனபோது வயலாக இருந்த இடமெல்லாம் குவார்ட்டர்ஸ். சாந்தினி சௌக்கில் டிராம் இல்லை, தண்டவாளமும் இல்லை, ஆனால் டிராம் விட்ட இடத்தை ரிக்ஷாவும் தள்ளுவண்டியும் சைக்கிளும் மாடும் மனிதர்களுமாக அடைத்துக்கொண்டுவிட்டார்கள். தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக அரை மணி ஆயிற்று, கூட்டம் எங்களைக் கொண்டுபோய் விட்ட இடத்தில்தான் இறங்க முடிந்தது. நான்கு பேர் உட்காரும் பட்பட்டி மோட்டார் ரிக்ஷாவில் எங்களோடு ஆறு பேர் ஏறினார்கள். செங்கோட்டைக்குள் போனோம். எத்தனையோ ஆகஸ்ட் பதினைந்துக்கு அந்த மதிலுக்குக் கீழே நின்று நான் குறிப்பு எடுத்திருக்கிறேன், மதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இப்போதுதான் பார்த்தேன். உள்ளே பளிங்குத் தரையில் தண்ணீர் ஓடுவதற்குக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள், தண்ணீர் இல்லை, அதில் ஒரு குடும்பம் வரிசையாக உட்கார்ந்து பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. குதுப்மினாரில் ஏறவிடுகிற அளவுக்கு ஏறினோம். படிக்கட்டு இருட்டு, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே இடுக்கில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல் வேறு. பாதியில் உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தப் பஞ்சாபிக்காரரிடம் நான் பொய் சொல்லலைன்னா, முழங்கால் நிஜமாவே வலிக்கறது, தேதிதான் கொஞ்சம் முன்னே பின்னே என்றாள். கீழே இரும்புத் தூணுக்கு முதுகைக் கொடுத்து நின்று இரண்டு கையையும் பின்னால் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்று சொல்வார்கள் அல்லவா, எனக்குக் கை எட்டவில்லை. அவளையும் முயன்று பார்க்கச் சொன்னேன். எனக்கு வேண்டியதை நான் வாயாலேயே கேட்டுக்கறேன் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பத்து நாளில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவளுக்கு முப்பது வயசுக்கு மேல் என்று சொல்லமாட்டார்கள். ராத்திரி ஓட்டல் அறையில், பார்த்தசாரதி மாடியில் எந்த மூலையில் அரிசி டின் வைப்பது என்பது வரைக்கும் முடிவாகிவிட்டது. எனக்கும் பழைய தெருக்களில் நடக்க நடக்க வயசு குறைந்தது என்பதை மறைப்பானேன். தந்தி ஆபீஸுக்கு எதிரில் நான் டீ குடிக்கும் இடத்தில் இன்னும் டீ போடுகிறார்கள், ஆள் வேறு, கண்ணாடித் தம்ளர் அதே தடிமன்.

லோதி காலனியைக் கடைசிக்கு வைத்திருந்தோம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், வெயில் ஏறியபிறகு போனோம். குளிருக்காக நான் கறுப்புக் கோட்டு, தொப்பி, கழுத்தில் காமிரா. உன் அம்மா சாம்பல் நிறக் கோட்டு, கையில் தோல் பை. வரிசைக்குள் நுழைந்ததும் முதல் வீட்டில் ரேடியோ திடீரென்று பெரிதாகப் பாடியது, அடுத்த வீட்டிலும், அதற்கு அடுத்த வீட்டிலும். கவனித்தேன், காரணம் அப்போது புரியவில்லை. வீடு அப்படியே இருந்தது, சுண்ணாம்பு நிறம் மட்டும் மஞ்சளாகியிருந்தது. சுவாமிநாதன் ரிடையராகி மாம்பலம் போய் வெகு நாளாயிற்று என்று தெரியும். சர்க்கார் வீட்டில் வயசானவர்கள் இருக்க முடியாது, வேலை முடிந்தால் வீட்டையும் கொடுத்துவிட வேண்டும். அதனால் அந்தத் தெருவில் எங்கள் வயசில் ஒருவரும் கண்ணில் படவில்லை, எல்லாம் இளம் குடும்பங்கள். நம் அறைப் பக்கத்துக் கதவைத் தட்டினேன். இருபத்திரண்டு வயசு இருக்கும், ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு திறந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் மனப்பாடமாக, 'ஹம் லோக் தில்லி தேக்னே ஆயே ஹை, அக்லா ஹஃப்தா ஜாயேகா' என்றாள், அடுத்த வாரம் போய்விடுவோம் என்பது உட்பட, மூச்சுவிடாமல். அந்த ஹிந்தியில் திருநெல்வேலி இருந்தது. உன் அம்மா என்னை விலக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். அறையில் ஒரு கட்டில், வாசலுக்குப் பக்கத்தில் கட்டி வைத்த ஒரு சூட்கேஸ், சுவரில் ஒன்றுமில்லை. மூலையில் டிரங்குப் பெட்டி, மூடியிருந்தது, அதன் இடுக்கு வழியாக ஊதுபத்திப் புகை மெல்ல வந்துகொண்டிருந்தது. உன் அம்மா தமிழில், 'பெட்டியைத் திறந்துடும்மா, சாமிக்கு மூச்சு முட்டப் போறது' என்றாள்.

அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாளா அழுதாளா என்று என்னால் நிச்சயமாக எழுத முடியவில்லை, இரண்டும்தான். அவள் பெயர் கண்மணி. புருஷன் அசோகன் ஒரு தனியார் கம்பெனியில் டைப்பிஸ்ட். வீடு உமாபதி என்ற குமாஸ்தாவின் பெயரில் இருக்கிறது. 'ஐயோ, நான் செக்கிங்குக்கு வந்தவங்கன்னு நெனச்சு ஸ்டவ்வை எடுத்துட்டுப் பாத்ரூமுக்கு ஓடுனேம்மா, ஐயா வேற கோட்டும் தொப்பியுமா வந்து நிக்கிறாரு' என்றாள். உன் அம்மா விடவில்லை, 'இவரைப் பாத்தா உனக்கு ஆபீசராவா தெரியறது? இந்த ஊர்ல ஒரு ஆபீசர்கூட இவரை உட்காருன்னு சொன்னதில்லை' என்றாள். ரேடியோதான் இப்போது சம்பந்தி என்றும் தெரிந்துகொண்டோம். கண்மணி ஸ்டவ்வைத் திரும்பக் கொண்டுவந்து காப்பி போட்டாள். உன் அம்மா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பாத்ரூமில் எந்த மூலையில் வைத்தால் அடுப்பு வெளியில் தெரியாது, சோதனைக்காரர் ஈரத்துணியை எண்ணினால் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். குழந்தைக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்காதே, பள்ளிக்கூடத்தில் வம்பு என்றும் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்த கண்மணி, 'நீங்க இப்ப எங்கம்மா இருக்கீங்க' என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். கரோல் பாக்குக்கு வரப்போகிறோம் என்று அவள் சொல்லுவாள் என்றுதான் நினைத்தேன், வந்த நாளிலிருந்து வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லி வந்தாள். ஆனால் அவள் அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, 'கார்ல்ஸ்ரூஹேன்னு ஒரு ஊர், ஜெர்மனியில. இரண்டாம் மாடி. வாசல்ல மணிக்குப் பக்கத்திலே எங்க பேர் போட்டிருக்கும், கொஞ்சம் தப்பாப் போட்டிருப்பா, ஆனா எங்க பேர்தான்' என்றாள். கண்மணிக்கு அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை, சர்க்கரை போதுமா என்று கேட்டாள். கிளம்பும்போது உன் அம்மா தன் சாம்பல் கோட்டைக் கழற்றி அவளுக்குக் கொடுத்துவிட்டு, டாக்சியில் என் கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு வந்தாள். அன்று ராத்திரி அரிசி டின் பேச்சு வரவில்லை.

திரும்பி வந்தபிறகும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும் குருமூர்த்தி, யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறானே அந்தப் பையன், மாமி எப்ப பேக் பண்றேள் என்று கேட்டபோது ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்று காலை எட்டரை மணிக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு கீழே வீட்டுக்கார அம்மாளைப் பார்க்கப் போகிறேன் என்றாள். காலி செய்கிறோம் என்று சொல்லத்தான் போகிறாள் என்று எண்ணி நானும் பின்னாலேயே போனேன், ஜெர்மன் பேச ஒரு ஆள் வேண்டாமா. நான் தேவைப்படவில்லை. ஃபிராவ் கெய்கர் கதவைத் திறந்ததும், நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்று இரண்டே ஜெர்மன் சொல்லில் முடித்துவிட்டாள். படியேறி வரும்போது நான் ஏன் என்று கேட்டேன். 'எனக்கு அந்த ஊர் மேலே இருக்கற ஆசை போகலைன்னா, போகவும் போகாது. ஆனா கண்மணி இருக்கற இடத்துலே நான் போய் என்ன பண்றது? அங்கே அத்தனை வருஷம் விருந்தாளியாவே இருந்தாச்சு. இங்கே என்னை யாரும் எப்போ கிளம்பறேள்னு கேட்டதில்லை' என்றாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்த டீத் தம்ளரை நான் இன்னும் மறக்கவில்லை, பார்த்தசாரதிக்கு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை.

ஆகவே ஜூலையில் நீ வரவேண்டிய இடம் கார்ல்ஸ்ரூஹே. பிராங்க்ஃபர்ட் வரைக்கும் டிக்கெட் எடு, நான் ரயிலில் வந்து அழைத்துக்கொள்கிறேன். குழந்தைக்கு ஒரே சமயத்தில் மூன்று ஸ்வெட்டர் போடாதே, வேர்த்துத்தான் சளி பிடிக்கிறது. மாப்பிள்ளை ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வெறும் வயிற்றில் காப்பி குடிப்பதை நிறுத்தச் சொல்லு, நான் சொன்னதாக வேண்டாம், டாக்டர் சொன்னதாகச் சொல்லு. இன்னொன்று, நாங்கள் இருக்கிறோம் என்று சொன்னதற்கு ஃபிராவ் கெய்கர் என்ன சொன்னாள் என்று நீ கேட்பாய். சந்தோஷம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியா நல்லது, நீங்கள் ஊரில் இல்லாதபோது மாடிப்படியை உங்கள் முறைக்கும் சேர்த்து நான்தான் கழுவினேன், இந்த வாரமும் அடுத்த வாரமும் உங்களுடையது என்று சொல்லி, படி கழுவும் முறை அந்த வாரம் யாருடையதோ அவர் கதவில் மாட்டுகிற மரப்பலகையை அங்கேயே உன் அம்மா கையில் கொடுத்துவிட்டாள். 'நல்ல புடவை கட்டிண்டு வாழ்த்து வாங்கலாம்னு போனேன், பலகையைக் கொடுத்து அனுப்பறா பாருங்கோ' என்று உன் அம்மா மேலே வந்ததிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறாள். இதை எழுதும்போது அவள் வாளியும் துடைப்பமுமாகப் படியில்தான் இருக்கிறாள். மூன்றாம் மாடி ஜெர்மன் பையன் ஈரப் பூட்சோடு ஏறப் பார்த்தான் போலிருக்கிறது, காலைத் துடைச்சுட்டு ஏறுடா என்று சுத்தத் தமிழில் அதட்டுகிறாள். அவன் துடைக்கும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.

உங்கள் மூவருக்கும் எங்கள் இருவருடைய பூரண ஆசீர்வாதம். தேதியை மட்டும் சீக்கிரம் எழுது.

உன் அன்புள்ள அப்பா,
சுந்தரராஜன்